முல்லை பூத்தது யார் குற்றம்?

கேள்வி இதுதான்: "கவிதைகளில் மழை, நிலா, பூ, காற்று எல்லாம் மாற்றத்தின் குறியீடாக வருகின்றன என்கிறார்கள். எது எதைக் குறிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இலை உதிர்ந்தால் முதுமை, வசந்தம் வந்தால் புதுவாழ்வு என்று ஏதாவது பட்டியல் இருக்கிறதா? நான் எழுதினாலும் இதே படிமங்கள்தான் வருகின்றன, படித்தால் பழசாகத் தெரிகிறது. என்ன செய்வது?"

பட்டியல் இருக்கத்தான் செய்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல கவிதை ஒன்றைக்கூடத் திறக்க முடியாது என்பதுதான் சிக்கல். நிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருக்குறளில், நட்பைப் பற்றிப் பேசுமிடத்தில் வள்ளுவர் சொல்கிறார்:

நிறைநீர நீரவர் கேண்மை பிறைமதிப்
பின்னீர பேதையார் நட்பு

அறிவுடையவர்களின் நட்பு பிறை வளர்வது போல நாளுக்கு நாள் நிறையும். பேதைகளின் நட்பு முழுமதி தேய்வது போலக் குறைந்துகொண்டே போகும். வானத்தில் வளர்ந்த நிலாதான் தேயும், தேய்ந்த நிலாதான் மறுபடி வளரும். வள்ளுவருக்கு அந்த முழு வட்டம் தேவையில்லை. வட்டத்தை இரண்டாக நறுக்கி, வளரும் பாதியை ஒருவருக்கும் தேயும் பாதியை இன்னொருவருக்கும் கொடுத்துவிடுகிறார். சரி, அப்படியானால் நிலா என்றால் மாற்றம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா?

இப்போது புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் பாருங்கள். பறம்பு மலையை ஆண்ட பாரி கொல்லப்பட்ட பிறகு அவனுடைய மகள்கள் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

அன்றைக்கு இருந்த அந்த வெண்ணிலவில் எங்கள் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய இந்த வெண்ணிலவில் குன்றையும் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. மொத்தப் பாட்டே இவ்வளவுதான், ஐந்து அடி. இதில் நிலா கொஞ்சமும் மாறவில்லை. மாறாமல் அப்படியே வந்து நிற்பதுதான் அதன் வேலை. அதற்குக் கீழே மற்றதெல்லாம் மாறிப்போயிருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் நிலவில் அப்பா முதலில் வருகிறார், குன்று பிறகு. இரண்டாம் நிலவில் வரிசை புரண்டு, குன்று முதலில் போகிறது, அப்பா கடைசியில் போகிறார். போனதில் பெரியது எது என்பதை அந்த வரிசை மாற்றமே சொல்லிவிடுகிறது. வாய்விட்டு அழும் சொல் ஒன்றுகூடப் பாட்டில் கிடையாது.

ஒரே நிலா வள்ளுவரிடம் மாறுவதற்கு அடையாளம், பாரி மகளிரிடம் மாறாததற்கு அடையாளம். பட்டியல் இங்கேயே கிழிந்துவிடுகிறது.

சீனக் கவிஞர் தூ ஃபூ 757இல் எழுதிய வசந்தக் காட்சிக் கவிதையிலும் இதே அமைப்பு இருக்கிறது. கலகக்காரர்களின் கையில் தலைநகரம் சிக்கியிருக்கிறது. நாடு சிதைந்துவிட்டது, மலையும் ஆறும் அப்படியே இருக்கின்றன. நகரத்துக்கு வசந்தம் வந்துவிட்டது, புல்லும் மரமும் அடர்ந்து கிடக்கின்றன என்று அது தொடங்குகிறது. பறம்புக் குன்றை அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனாலும் இரண்டு பாட்டும் ஒரே இடத்தில் போய் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

இயற்கையின் மாற்றம் சுற்றி வரும் மாற்றம். கார் என்னும் மழைக்காலம் போனால் கூதிர் என்னும் குளிர்காலம், கூதிர் போனால் பனி, பனி போனால் வேனில், அப்புறம் மறுபடி கார். மனிதனுடைய மாற்றம் அப்படி இல்லை. அது ஒரே போக்காகப் போகும். இளமை போனால் போனதுதான், இறந்தவர் அடுத்த ஆவணியில் திரும்பி வரப்போவதில்லை. இந்த இரண்டு போக்குகளையும் ஒரே இடத்தில் உரச விடுவதைத்தான் கவிதை காலங்காலமாகச் செய்துவருகிறது. ஒரு பூ எதைக் குறிக்கிறது என்று கேட்பதைவிட, அந்தப் பூவின் காலமும் பேசுகிறவரின் காலமும் ஒத்துப்போகின்றனவா, முரண்படுகின்றனவா என்று கேட்டால் பாட்டு பேச ஆரம்பிக்கும். என்னிடம் இருக்கும் பதிலே இதுதான். மீதியெல்லாம் இதற்கு எடுத்துக்காட்டு.

இதைத் தமிழில் இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. "முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு" என்கிறது. மரம், பறவை, விலங்கு, பூ எல்லாம் அடுத்த அடுக்கான கருப்பொருளில்தான் வருகின்றன. காதல், பிரிவு, ஊடல் போன்ற மனித நடத்தை உரிப்பொருள். நம்மில் பலர் பள்ளியில் ஐந்திணையை நிலத்தோடு மட்டும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டோம்: குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல் என்று. நிலத்துக்குச் சமமாகப் பொழுதையும் அதே முதற்பொருளில் வைத்திருக்கிறார்கள் என்பது நழுவிவிடுகிறது. "காரும் மாலையும் முல்லை" என்பது நூற்பா. காடு மட்டும் இருந்தால் முல்லை ஆகிவிடாது. மழைக்காலமும் மாலை நேரமும் அதற்கு வேண்டும்.

ஏன் கார்? போருக்கோ பொருளுக்கோ போகிறவன் கார்காலத் தொடக்கத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பருவம்தான் அவன் சொன்ன தவணை. நாள்காட்டி கிடையாது, கொன்றை பூத்தால், முல்லை அரும்பினால், மேகம் கறுத்தால் தவணை வந்துவிட்டது என்று பொருள். ஆக, முல்லைப் பாட்டில் பூக்கும் ஒவ்வொரு பூவும் ஒரு வாக்குறுதி காப்பாற்றப்பட்டதா, மீறப்பட்டதா என்பதற்குச் சாட்சி. இதை மனதில் வைத்துக்கொண்டு குறுந்தொகையின் 66ஆம் பாட்டுக்கு வாருங்கள்.

மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை
கல்பிறங்கு அத்தம் சென்றோர் கூறிய
பருவம் வாரா அளவை நெரிதரக்
கொம்புசேர் கொடியிணர் ஊழ்த்த
வம்ப மாரியைக் கார் என மதித்தே

"இந்தப் பெரிய கொன்றை மரங்கள் சுத்த முட்டாள்கள். கல் நிறைந்த காட்டு வழியில் போனவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை. அதற்குள், காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துக்கொண்டு, கிளை நிறையச் சரம் சரமாகப் பூத்துவிட்டன." தோழி தலைவியிடம் சொல்வது இது.

மேலோட்டமாகப் பார்த்தால் மரத்தைத் திட்டும் பாட்டு. பாட்டின் அடியில் உள்ள பழைய குறிப்பு, இதைத் தோழி எப்போது சொன்னாள் என்று சொல்கிறது: பருவம் வந்ததைக் கண்டு தலைவி உடைந்துபோகிறாள், அவளிடம் "இது பருவமே இல்லை" என்று வற்புறுத்துகிறாள் தோழி. அதாவது, கார் உண்மையிலேயே வந்துவிட்டது. கொன்றை சரியாகத்தான் பூத்திருக்கிறது. வராதவன் அவன்தான். தோழிக்கு அது தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும் தலைவிக்கும் அநேகமாகத் தெரியும். இருந்தும் ஒருத்தி மரங்களைப் பைத்தியம் என்கிறாள், மற்றவள் கேட்டுக்கொள்கிறாள். மனிதனின் சொல்லைக் காப்பாற்ற ஒரு பருவத்தையே பொய்யென்று சொல்ல வேண்டியிருக்கிறது. கொன்றைப் பூ கார்காலத்தின் குறியீடு என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் இதில் ஒன்றுமே கிடைக்காது. அந்தக் குறியீட்டை இருவரும் நன்றாக அறிந்திருக்கிறார்கள், அறிந்தே மறுக்கிறார்கள். உயிர் அந்த மறுப்பில்தான் இருக்கிறது.

இதையும் 21ஆம் பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். அதில் பேசுகிறவள் தலைவியே. பொன் நகை அணிந்த பெண்களின் கூந்தல் போலத் தோன்றுகிறது, புதிதாகப் பூத்த கொன்றை நிறைந்த காடு. அந்தக் காடு "கார் வந்துவிட்டது" என்று சொன்னாலும்,

யானோ தேறேன் அவர் பொய் வழங்கலரே

"நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்கிறவர் இல்லை." இங்கே ஆறுதல் சொல்லத் தோழியும் தேவைப்படவில்லை, தலைவி தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். காடு முழுவதும் ஒரு பக்கம் சாட்சி சொல்கிறது, ஒருத்தி மறுபக்கம் நின்று ஏற்க மறுக்கிறாள். அவள் அவனை நம்புகிறாளா, அல்லது நம்பாமல் இருக்க அவளுக்குத் தெம்பு இல்லையா? பாட்டு அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்காகவே ஓதலாந்தையாருக்குக் கும்பிடு போடலாம்.

இடையில் ஒரு சந்தேகம் பலருக்கு வரும். சரக்கொன்றை இப்போதெல்லாம் சித்திரை வைகாசியில்தானே மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிறது, கார்காலத்துக்கு அதை எப்படிச் சாட்சியாக வைத்தார்கள் என்று. தாவரவியல் விவாதத்துக்குள் நான் போகவில்லை. பாட்டுக்குள் கொன்றை கார்காலத்து மரம், அது மரபு. வெளியே மரம் எப்போது பூக்கிறது என்பதை வைத்துப் பாட்டைத் திருத்தக் கூடாது. குறிஞ்சிக்கும் இதே கதைதான். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது உண்மை. 2006இலும் 2018இலும் மலைகள் நீலமானதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் "நிலத்தினும் பெரிதே" என்ற குறுந்தொகைப் பாட்டில் வரும் குறிஞ்சிப்பூவுக்கு, பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் காதல் என்று விளக்கம் எழுதுகிறார்கள். பாட்டில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. கரிய காம்புடைய குறிஞ்சிப் பூக்களிலிருந்து வண்டுகள் பெருந்தேன் சேர்க்கும் மலைநாட்டுக்காரன் என்றுதான் இருக்கிறது. சின்னச் சின்னப் பூக்கள், அதிலிருந்து பெரிய தேன். நிலம், வானம், நீர் என்று அளவுகளை அடுக்கிவிட்டு, கடைசியில் துளித் துளியாகச் சேரும் தேனுக்குக் கொண்டுவந்து விடுகிறார் புலவர். வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு தகவல், உள்ளே இருக்கும் நல்ல விஷயத்தை மறைத்துவிடுகிறது.

காலம் ஒத்துப்போகாமல் இருப்பதன் உச்சம் என்று நான் நினைப்பது புறநானூறு 242. குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் நாட்டின் தலைவன் சாத்தன் இறந்துவிட்டான்.

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேல் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே

இளைஞர்கள் சூடமாட்டார்கள். வளையல் அணிந்த பெண்கள் பறிக்கமாட்டார்கள். யாழின் வளைந்த கோட்டால் கொடியை மெல்ல இழுத்துப் பறித்துப் பாணன் சூடமாட்டான். பாடினியும் அணியமாட்டாள். சாத்தன் போன பிறகு, முல்லையே, நீயுமா பூத்தாய்?

நான்கு மறுப்புகள் வரிசையாக வருகின்றன. அவற்றின் நடுவே ஒரே ஒரு செயல் மட்டும் விரிவாகக் காட்டப்படுகிறது: பாணன் யாழின் கோட்டை நீட்டி, கொடி அறுந்துவிடாமல் மெல்ல வளைத்து இழுப்பது. அது இப்போது நடக்காத செயல். நடந்த காலத்தில் எப்படி நடந்தது என்று கண்முன் கொண்டுவந்து காட்டிவிட்டு, உடனே "சூடான்" என்று மூடிவிடுகிறார். அந்த "மெல்ல" என்ற சொல்லில் ஊர் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதன் அடியில் இன்னொரு அடுக்கும் உண்டு. முல்லை அகப்பாட்டில் எதற்கு வரும் என்று மேலே பார்த்தோம். முல்லை அரும்பினால் போனவன் திரும்பி வருவான். கேட்பவர்கள் காதில் அந்தப் பழக்கம் ஏற்கனவே ஊறியிருக்கிறது. இங்கே முல்லை பூத்துவிட்டது, தவணை வந்துவிட்டது, வர வேண்டியவன் வரவே போவதில்லை. அகத்தின் குறியீட்டைப் புறத்தில் கொண்டுவந்து அதன் வாக்குறுதியைப் பொய்யாக்கியிருக்கிறார் கீரத்தனார். தலைப்பில் நான் வைத்த கேள்விக்குப் பாட்டின் பதில் என்னவென்றால், முல்லை மேல் ஒரு குற்றமும் கிடையாது. அதன் சுற்று அதன்படி வந்தது. புலவருக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்கிறார். துக்கத்தில் இருப்பவர்கள் நியாயமாகப் பேசுவதில்லை, அவர்கள் பேச வேண்டிய விதமும் அதுதான்.

இதுவரை சொன்னதில் நிலம் நிலமாகவே இருந்தது, பருவம்தான் மாறியது. நிலமே வேறாக மாறுவதும் உண்டு. அதன் பெயர் பாலை. தொல்காப்பியம் ஐந்திணைக்கு நிலம் சொல்லும்போது பாலைக்குத் தனியாக நிலம் ஒதுக்கவில்லை. சிலப்பதிகாரம் அதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது:

முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

முல்லையும் குறிஞ்சியும் தங்கள் நல்ல இயல்பை இழந்து திரிந்தால் அதுவே பாலை. ஆக, பாலை என்பது இடமல்ல, ஒரு நிலை. எந்தக் காடும் மலையும் அதற்குள் போய்விடலாம். பிரிவுக்கு இந்தத் திணையை வைத்தவர்களின் கணக்கு எவ்வளவு நுட்பம் பாருங்கள். பிரிவும் தனியாக எங்கோ இருக்கும் ஊர் இல்லையே. நேற்றுவரை சேர்ந்திருந்த இருவர் நடுவில்தான் அது உண்டாகிறது.

இளங்கோவடிகள் இத்தோடு நிற்கவில்லை. காடுகாண் காதையில், மதுரைக்கு வழி சொல்லும் ஒரு முதிய மறையவன் வாயில் இந்த வரிகள் வருகின்றன. அவற்றுக்குச் சற்று முன்னால் ஓர் உவமை இருக்கிறது: அரசனும் அவனுடைய அதிகாரிகளும் நெறி தவறினால், நல்லாட்சி இழந்த நாடு எப்படிக் கெடுமோ அப்படி, கதிரவன் காய்ந்ததில் நிலம் கெட்டது என்று. கேட்டுக்கொண்டு நிற்பவன் கோவலன். அவன் போய்க்கொண்டிருப்பது மதுரைக்கு. அங்கே ஓர் அரசன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லி அவன் உயிரை எடுக்கப்போகிறான். வறண்ட காட்டைப் பற்றிய சாதாரண வழிக்குறிப்பில் கதையின் முடிவு ஒளிந்திருக்கிறது. கோவலனுக்குத் தெரியாது, காட்டுக்குத் தெரியும் என்கிற மாதிரி.

அப்புறம் வையைக் கரைக்கு வருகிறார்கள். கண்ணகிக்கு நேரப்போவதைத் தான் அறிந்தவள் போல, வையை தன் கண்ணீரை மறைத்து மலராடையைப் போர்த்திக்கொண்டு போகிறாள் என்கிறார் இளங்கோ. நீரே தெரியாமல் பூ மூடியிருக்கிறது. கண்ணகியும் கோவலனும் அதைப் பார்த்து, "புனல்யாறு அன்று இது பூம்புனல் யாறு" என்று வியந்து தொழுகிறார்கள். ஒரே ஆறு. அவர்களுக்கு அழகு, நமக்கு அழுகை. மாற்றத்தைக் குறிக்கும் பொருள் பாத்திரத்துக்கு ஒன்றும் வாசகருக்கு வேறொன்றும் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. மறைமுகமாகப் பேசும் இந்த வித்தைக்கு உள்ளுறை, இறைச்சி என்று பழைய இலக்கணத்திலேயே பெயர்கள் உண்டு. அவற்றின் வரையறைகளை உரையாசிரியர்கள் ஆளுக்கொரு விதமாக விளக்குவார்கள். அந்தத் தகராறு இல்லாமலேயே பாட்டைச் சுவைக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் மாற்றம் என்ற சொல்லே வேறு எடை பெறுகிறது. அதுவரை மாற்றம் நமக்கு நேர்வது. இப்போது நாம் கொண்டுவர வேண்டியது. பாரதி தொடக்கத்தில் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். அந்த ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி 1819இல் எழுதிய மேற்குக் காற்றுப் பாட்டில், காற்று செத்த இலைகளை அடித்துக்கொண்டு போகிறது, அதே காற்று விதைகளையும் மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது; குளிர்காலம் வந்தால் வசந்தம் வெகுதூரத்திலா இருக்கும் என்று முடிகிறது. பருவம் திரும்பும் என்கிற நம்பிக்கையை அரசியலுக்குக் கடன் வாங்கிய பாட்டு அது. பாரதியிடம் காற்றும் உண்டு, மழையும் உண்டு. ஆனால் அவருடைய மிகச் சிறந்த மாற்றக் குறியீடு நெருப்பு.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் - அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்
வெந்து தணிந்தது காடு

இதில் காடு எது? அடிமைத்தனமா, அறியாமையா, மனத்தின் அழுக்கா? அவர் சொல்லவில்லை. காடு எரியும் காட்சியும் இல்லை. வைத்தேன் என்கிறார், அடுத்த வரியில் எல்லாம் முடிந்து தணிந்தே போய்விட்டது. நடுவில் இருந்த அந்தப் பெருந்தீயை வாசகர்தான் பார்த்தாக வேண்டும். இது சுற்றி வரும் பருவமும் இல்லை. வெந்த காடு அடுத்த ஆவணியில் பழையபடி வரப்போவதில்லை. மனிதனுடைய ஒருவழி மாற்றத்துக்கு இயற்கையிலேயே அவர் ஓர் ஒருவழிப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்.

இதோடு ருஷ்யப் புரட்சியை வாழ்த்தி அவர் எழுதியதை ஒப்பிடுங்கள். அங்கே ஜார் அரசன் இமயமலை வீழ்ந்ததுபோல் வீழ்ந்தான் என்கிறார். ஓசை பெரிது; படிமம் எனக்கு அவ்வளவாகச் செல்லவில்லை. ஒரு கொடுங்கோலனுக்கு இமயத்தையா உவமை சொல்வது? ஆனால் அடுத்து, அவனைச் சூழ்ந்திருந்தவர்கள் சரிந்ததைச் சொல்லும் இடம் அபாரம்: சூறைக்காற்றில் "திமுதிமென மரம்விழுந்து காடெல்லாம் விறகான செய்தி போலே" என்கிறார். விறகு என்ற ஒரு சொல் போதும். நேற்றுவரை அண்ணாந்து பார்க்க வைத்த மரங்கள் இன்று அடுப்புக்கு ஆகும் பொருள். அழிவு, பயன், கொஞ்சம் கேலி மூன்றும் அதில் சேர்ந்து வந்துவிட்டன. இருந்தாலும் இரண்டில் எது நிற்கும் என்று கேட்டால் அக்கினிக் குஞ்சைத்தான் சொல்வேன். ஜாரைத் தெரியாதவர்களுக்கும் அது வேலை செய்யும்.

இனி, கேள்வியின் கடைசிப் பகுதி: எழுதினால் பழசாகத் தெரிகிறது என்பது. உதிர்ந்த இலை, வானவில், பட்டாம்பூச்சி, விடியல் எல்லாம் ஏன் செத்துப்போயின? அதிகம் பேர் பயன்படுத்திவிட்டார்கள் என்பது காரணமாக முடியாது. முல்லையையும் கொன்றையையும் பயன்படுத்தாத சங்கப் புலவர் குறைவு. இலை என்று நீங்கள் எழுதி முடிப்பதற்குள் முதுமை என்ற அர்த்தம் வந்து உட்கார்ந்துவிடுகிறது, இலையைப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. காரணம் அதுதான்.

முதுமையைப் பற்றியே இலை இல்லாமல் எழுதிய ஒரு பாட்டு இருக்கிறது, புறநானூறு 243. தொடித்தலை விழுத்தண்டினார் என்பவர் பாடியது. பாட்டில் வரும் பூண் போட்ட ஊன்றுகோலால் கிடைத்த பெயர். தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல் பேசும் கிழவர் இளமையை நினைக்கிறார். அவர் நினைப்பதில் ஒரு விளையாட்டை மட்டும் பாருங்கள். ஆற்றுத்துறையில் மருத மரம் நீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கிறது. அதன் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் திடுக்கிட, நீர் தெறிக்க, ஆழமான குட்டத்தில் துடுமென்று பாய்ந்து, அடியிலிருந்து கை நிறைய மணலை அள்ளிக்கொண்டு மேலே வருவது. அந்தக் கல்லா இளமை எங்கே போயிற்று என்று கேட்கிறார்.

மணலை ஏன் அள்ள வேண்டும்? அடிவரை போய்வந்தேன் என்பதற்கு அது அத்தாட்சி. எந்த ஊர்ப் பிள்ளையும் செய்யும் காரியம்தான். அந்த ஆறும் மருதமும் மணலும் எதையும் குறிப்பதற்காக அங்கே வைக்கப்படவில்லை. அவை வெறும் ஆறும் மருதமும் மணலும்தான். அருகில் தடியை வைத்தவுடன் அவை குறியீடாக மாறிவிடுகின்றன. மூழ்கி எழுந்த கையையும் தடி பிடித்த கையையும் அவர் ஒப்பிட்டுக் காட்டவில்லை, நாமே ஒப்பிட்டுவிடுகிறோம்.

நற்றிணையின் 172ஆம் பாட்டில் வரும் புன்னையும் அப்படித்தான். சிறுமியாக இருந்தபோது தோழிகளோடு விளையாடி, மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன விதை முளைத்துவிட்டது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்தார்கள். "உங்களைவிடச் சிறந்தது, இது உங்கள் தங்கை" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று காதலனிடம் சொல்லப்படுகிறது. சிறுமி எப்போது பெண்ணானாள் என்று பாட்டு எங்கும் பேசவில்லை. விதை மரமாகி நிழல் தருகிறது, அந்த நிழலில் ஒருவன் வந்து நிற்கிறான், அவ்வளவுதான்.

ஆகவே எழுத உட்காரும்போது மாற்றம் என்ற கருத்திலிருந்து தொடங்காதீர்கள். பொருளிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு உண்மையாகவே தெரிந்த ஒரு மரம், ஒரு நீர்நிலை, ஒரு பருவத்தின் வாசனை. அது எப்போது எப்படி மாறும் என்பது உங்களுக்கு நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். கொன்றை எந்த மழைக்குப் பூக்கும் என்று தெரியாதவர் 66ஆம் பாட்டை எழுதியிருக்க முடியாது. பிறகு அதன் பக்கத்தில் ஒரு மனிதரை நிறுத்துங்கள். இரண்டின் காலமும் ஒத்துப்போனால் பாட்டு சற்று மந்தமாக இருக்கும். சோகமானவர் வீட்டில் மழை பெய்வது போல. ஒன்று முந்தினாலோ பிந்தினாலோ, ஒன்று திரும்பி வந்து மற்றது வராமல் போனாலோ, அங்கே எழுத ஏதோ இருக்கிறது. விளக்க வரி ஒன்றைக் கடைசியில் சேர்க்கத் தோன்றும். பாரி மகளிர் "ஆகவே உலகம் நிலையற்றது" என்று ஓர் ஆறாம் அடி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு அதை அடித்துவிடுங்கள்.

படிக்க வேண்டுமானால் குறுந்தொகையிலிருந்து தொடங்குங்கள். நான்கு முதல் எட்டு அடிப் பாட்டுகள், ஒரு நாளைக்கு ஒன்று போதும். உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையோடு வெளியிட்ட பதிப்பு இன்றும் நல்ல துணை. மரம், பூ, பறவை பற்றிய விளக்கங்களில் அவர் எதையும் அவசரமாகக் கடந்து போவதில்லை. ஒவ்வொரு பாட்டின் கீழும் யார், யாரிடம், எப்போது சொன்னது என்ற குறிப்பு இருக்கும். முதல்முறை அதை மூடி வைத்துக்கொண்டு பாட்டை மட்டும் படியுங்கள், நீங்களே ஊகியுங்கள். அப்புறம் குறிப்பைத் திறந்து மறுபடி படியுங்கள். கொன்றை மரத்தைத் திட்டிய பாட்டுக்கு முதல் வாசிப்பில் ஓர் அர்த்தமும் இரண்டாவதில் இன்னொன்றும் வந்த மாதிரி பல பாட்டுகள் அங்கே காத்திருக்கின்றன. குறிப்பு சொல்வதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அவை பாட்டுக்குப் பின்னால் வந்தவை. உங்கள் ஊகம் பாட்டின் சொற்களோடு பொருந்தினால் அதையே வைத்துக்கொள்ளலாம்.